இயற்கை எரிவாயு மலை ஏறாதது ஏன்?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் சரக்கு லாரிகளுக்கு டீசல்தான் கதி. இத்தனைக்கும் மலேசியா எரிவாயு வளம் மிகுந்த நாடு; அழுத்திய இயற்கை எரிவாயுவை வாகனங்களுக்குப் பல்லாண்டுகள் விற்ற நாடு. தடை விலையில் இல்லை, அந்த எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனின் இயல்பில் இருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு அழுத்தி உருளையில் அடைத்தாலும், ஒரு லிட்டரில் அடங்கும் ஆற்றல் டீசலில் உள்ளதில் கால்பங்குதான். ஆகவே அதே தூரத்துக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். எஃகு உருளையின் கனம் வேறு. ஏறும்போது உரமும் இறங்கும்போது தேயிலையும் சுமக்கும் வண்டிக்கு அது தண்டச் சுமை. போதாததற்கு, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 விழுக்காடு குறைகிறது. இன்ஜின் உறிஞ்சும் கலவையில் பத்தில் ஒரு பங்கு இடத்தை மீத்தேனும் பிடித்துக்கொண்டால் இழுவை இன்னும் தளரும்.

டெல்லிப் பேருந்துகள் இதே எரிவாயுவில் ஓடவில்லையா என்று கேட்கலாம். 1998இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைக்குப் பின் மாறின, நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அது சமவெளி. இரவில் பணிமனைக்குத் திரும்பும் வண்டி. டர்போ பொருத்தினால் இழுவைக் குறை தீரும் என்பதும் சரியே. ஆனால் மலையில் எரிவாயு நிரப்ப எங்கே போவது? தீபகற்ப மலேசியாவின் எரிவாயுப் பெருங்குழாய் கெர்த்தே என்ற ஊரில் தொடங்கித் தாழ்நிலம் வழியே செல்கிறது. உருளைகளை லாரியில் மேலே ஏற்றலாம்தான். அந்த லாரி எதில் ஓடும்? 2025 ஜூலை 1 முதல் மலேசியச் சமவெளியிலும் வாகன எரிவாயு விற்பனை நின்றது: 15 ஆண்டு ஆயுள் கடந்த உருளைகளின் ஆபத்தே அரசு சொன்ன காரணம்.