குறைந்த வாடகை... கொழுத்த அட்வான்ஸ்!

வட சென்னைக்குக் குடிவர நினைப்பவர்களுக்கு ஒரு வரவு - செலவுக் கணக்கு

வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் வாடகை கொடுத்து மூச்சு வாங்கும் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி, “வடக்குப் பக்கம் போயிடலாமா?” என்பதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் இப்படிக் கேட்டால் வீட்டில் சண்டை வந்திருக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகரைத் தொட்டது. அன்றிலிருந்து கேள்விக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. ‘மெட்ரோவுக்கு ஐந்து நிமிட நடை’ என்ற வாசகம் காலடிப்பேட்டைச் சந்துக்குள் இருக்கும் ஒற்றைப் படுக்கையறை போர்ஷனின் டூலெட் போர்டு வரை வந்துவிட்டது.

இடம் மாறுகிறவர்கள் உலகம் முழுக்க ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாறும் நம் வீட்டுப் பிள்ளைகளையே பாருங்கள். அங்கே மாநில வருமான வரி கிடையாது, வீடும் மலிவு என்று கிளம்பிப் போகிறார்கள். இறங்கிய பிறகுதான் சொத்து வரி, வீட்டுக் காப்பீடு, கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாத தூரம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. பெரிய எண் ஒன்று குறைந்தால், சின்ன எண்கள் கண்ணில் படுவதில்லை. வட சென்னையில் அந்தப் பெரிய எண் வாடகை.

மிச்சம் எங்கே?

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். விம்கோ நகரில் ஏறினால் விமான நிலையம் வரை ஒரே வண்டி. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். மாதம் 25 நாள் போய்வந்தாலும் 2,500 ரூபாய். பயண அட்டையில் கிடைக்கும் 20 சதவிகிதச் சலுகையைக் கழித்தால் 2,000 ரூபாய். பாரிமுனையிலோ சென்ட்ரல் பக்கமோ வேலை என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்க லோக்கல் ரயிலின் சீசன் டிக்கெட்டுக்கு இதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டே கிடையாது. எண்ணூர்க்காரர்களுக்கு மட்டும் மெட்ரோ இல்லை. லோக்கல் ரயிலும் ஷேர் ஆட்டோவும்தான் கதி.

சாப்பாட்டுச் செலவில் இந்தப் பக்கத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. காசிமேட்டில் விடியற்காலையில் போய் நின்றால் கூறு கட்டி வைத்திருக்கும் சங்கராவும் நெத்திலியும் தெற்கத்திக் கடை விலையோடு ஒப்பிட முடியாத விலைக்குக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் வஞ்சிரம் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. ஃபைபர் படகில் வருகிற சில்லறை மீனை வைத்து ஓட்ட வேண்டும். வீடு பார்க்கும்போது “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்று விசாரிக்கிற வழக்கமும் இங்கே குறைவு. ராயபுரம் பக்கம் குடியிருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை கைக்கெட்டும் தூரம். பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை இருக்கிறது. இது எவ்வளவு பெரிய சேமிப்பு என்பது, ஆஸ்பத்திரிச் செலவு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கசிவு எங்கே?

முதல் கசிவு, மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓடினால் கட்ட வேண்டியது சுமார் 235 ரூபாய்தான். ஆனால் இந்தச் சலுகை இணைப்புக்குத்தான், வீட்டுக்கு அல்ல. ஒரே இணைப்பை நான்கு போர்ஷனுக்குப் பிரித்து, ஆளுக்கொரு சப்-மீட்டர் மாட்டி, “யூனிட்டுக்கு எட்டு ரூபா” என்று ஓனரம்மா சொல்லிவிட்டால் அதே 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். வீடு பார்க்கும்போதே தனி மீட்டரா என்று கேட்காதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,300 ரூபாய்க்கு மேல் விடுகிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதி. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் 2010-லேயே வந்துவிட்டது. இருந்தாலும் குழாயில் வருவதைக் குடிக்கத் துணியாமல் கேன் வாங்குகிற வீடுகள்தான் அதிகம். கேன் 35 ரூபாய், மாதம் 15 கேன் என்று வைத்துக்கொண்டாலும் 525 ரூபாய்.

மூன்றாவது, காற்று. இதை ரூபாயில் எழுத முடியாது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் நின்றது. ராயபுரத்தில் மொட்டை மாடிக் கொடியில் துணி காயப்போடுகிறவர்கள் நிம்மதி அடைந்தார்கள். நிலக்கரி மட்டும் எங்கும் போய்விடவில்லை. வடக்கே எண்ணூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் ஓடியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராயபுரத்திலிருந்து வடக்கே போகப் போக வாடகை இறங்குவதில் காற்றுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. குழந்தைக்கு இளைப்பு இருக்கிற வீட்டார், எந்தத் தெரு என்று முடிவுசெய்வதற்கு முன் மருத்துவரை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. கன்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் இழக்கிற நேரமும், சில சமயம் அதைவிடப் பெரிய இழப்பும் தனிக் கதை.

இவை எல்லாவற்றையும் கூட்டினாலும் தெற்கைவிட வடக்கு மலிவுதான். நான் மறுக்கவில்லை. ஆனால், யாருமே மாதக் கணக்கில் சேர்க்காத ஒரு தொகை இருக்கிறது. அதைச் சேர்த்தால் கணக்கே புரண்டுவிடுகிறது.

பத்து மாத அட்வான்ஸ்

வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ஒரு லட்சம். “அது திரும்பி வர்ற காசுதானே” என்று எல்லோரும் சமாதானம் சொல்வார்கள். கையில் ஒரு லட்சம் சும்மா கிடக்கிற குடும்பத்துக்கு அது சரி. துறைமுகத்தில் லோடு வேலை பார்ப்பவரோ, தொழிற்சாலையில் கான்ட்ராக்ட்டில் இருப்பவரோ அந்த ஒரு லட்சத்துக்கு எங்கே போவார்? நகையை அடகு வைப்பார். ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார். அதுவும் முடியாவிட்டால் மூணு வட்டிக்கு வாங்குவார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய். அவர் வாடகை அப்போதே 13,000 ஆகிவிட்டது. அந்த 3,000 எந்த வாடகை ரசீதிலும் வராது.

இதோடு புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலிசெய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாதம் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்தில் வீடு மாற்றுகிறவருக்கு இந்த 20,000-ஐயும் மாதவாரியாகப் பிரித்தால் 833 ரூபாய் கூடுகிறது. 10,000 ரூபாய் வீடு கிட்டத்தட்ட 14,000 ரூபாய் வீடாக நிற்கிறது. இதே வீட்டுக்கு, வங்கியில் சேமிப்பு வைத்திருக்கும் ஐ.டி. ஊழியர் கொடுப்பது 11,000-க்கும் குறைவு. காசு இல்லாதவருக்குத்தான் வாடகை அதிகம்!

மெட்ரோ வந்த பிறகு இது இன்னும் முறுக்கேறியிருக்கிறது. வாடகை 2,000 ஏறினால் அட்வான்ஸ் 20,000 ஏறும். திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் பல வருஷமாகக் குடியிருப்பவரை “பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்” என்று கிளப்பினால், பழைய வாடகைக்குப் போட்ட பழைய அட்வான்ஸ்தான் அவர் கைக்கு வரும். அடுத்த வீட்டுக்குப் புது வாடகையில் பத்து மடங்கு வேண்டும். அந்தப் பழைய காசும் உடனே வராது. ஓனர் அதை எப்போதோ மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ செலவழித்திருப்பார். “புது ஆளு வந்து அட்வான்ஸ் குடுக்கட்டும், உன் காசைத் தர்றேன்” என்பார். ஆக, போகிற குடித்தனக்காரருக்குத் திருப்பித் தருவது வருகிற குடித்தனக்காரரின் காசு. இந்தச் சங்கிலியில் ஒருவர் தாமதித்தால் பின்னால் இருக்கும் எல்லோரும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பார்கள்.

போக்கியம் என்னும் பொறி

இந்த வட்டிக் கணக்கு புரிந்தவர்கள் போய் விழுகிற இடம் ‘போக்கியம்’. வட சென்னையில் ‘லீஸ்’ என்று சொன்னாலும் இதைத்தான் குறிக்கும். ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகையே கிடையாது. காலிசெய்யும்போது ஐந்து லட்சமும் திரும்பி வரும். விருப்ப ஓய்வுப் பணமோ, பி.எஃப். பணமோ கையில் இருக்கிறவருக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இல்லை.

சட்டப்படி இது அடமானமாகவோ குத்தகையாகவோ பத்திரப் பதிவு ஆக வேண்டிய விஷயம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தே தீர வேண்டும் என்கிறது 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம். நடப்பதோ முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பதிவாகாத போக்கியம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. ஒரே வீட்டின் மேல் இரண்டு பேரிடம் போக்கியம் வாங்கினாலும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, தவணை தவறினால், கடன் வசூலுக்கான 2002-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். ஐந்து லட்சம் கொடுத்தவர் கையில் முத்திரைத்தாள் மட்டும் இருக்கும்.

இது ஏதோ படிக்காதவர்கள் ஏமாறுகிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். தென் கொரியாவில் ‘ஜோன்சே’ என்ற பெயரில் இதே முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு வருஷம் இருப்பார்கள். 2022-ல் அங்கே வீட்டு விலை சரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிக் குவித்திருந்த உரிமையாளர்களால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. வேண்டுமென்றே மோசடி செய்தவர்களும் இருந்தார்கள். பணத்தை இழந்த இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பணக்கார நாட்டுக்கே இந்தக் கதி என்றால், தண்டையார்ப்பேட்டை சந்தில் இருப்பவர் யாரிடம் போய் நிற்பார்?

சட்டத்தில் ஒரு சந்து

வேடிக்கை என்னவென்றால், சட்டங்கள் எல்லாம் குடித்தனக்காரர் பக்கம்தான் பேசுகின்றன. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. அதற்குப் பதிலாக 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டே மாதம் என்கிறது. ஆனால், நம் மாநிலச் சட்டத்தில் மூன்று மாத வரம்புக்கு முன்னால் ‘வேறு ஒப்பந்தம் இருந்தாலன்றி’ என்றொரு வாசகம் இருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே நுழைகிறது. வீடு தேவைப்படுகிறவர் எந்த ஒப்பந்தத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். அதைச் சம்மதம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

வாடகையை மட்டும் நம்பி வாழும் வயதான ஓனர்களும் உண்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டுக் காலிசெய்ய மறுப்பவரிடமிருந்து தங்களைக் காப்பது அட்வான்ஸ் ஒன்றுதான் என்கிறார்கள். நியாயம்தான். அதற்கு மூன்று மாதம் போதும். மீதி ஏழு மாதம் பாதுகாப்புப் பணம் அல்ல, வட்டியில்லாக் கடன்.

அந்தக் கடனைக் கொடுப்பவர் யார் என்பதுதான் என் கவலை. மெட்ரோவில் வந்து இறங்குகிற புதியவர் இரண்டு லட்சத்தை ஒரே பரிவர்த்தனையில் அனுப்பிவிடுவார். ஐஸ் உடைப்பவரும் வலை பின்னுபவரும் லாரி கிளீனரும் அவரோடு போட்டி போட முடியாது. வாடகை கட்ட முடிந்தாலும் அட்வான்ஸ் கட்ட முடியாமல் அவர்கள் தேரடியிலிருந்து எண்ணூருக்கும், எண்ணூரிலிருந்து அத்திப்பட்டுக்கும் நகர்வார்கள். நிலக்கரி போன அதே திசையில்.

வடக்கே வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் தாராளமாகக் கிளம்புங்கள். தனி மீட்டரா என்று கேளுங்கள். வில்லங்கச் சான்றிதழை இணையத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யுங்கள். அட்வான்ஸைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓனரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “போன குடித்தனக்காரருக்குக் காசைத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?” பதில் சொல்லத் தயங்கினால், அடுத்த தெருவில் வேறு போர்டு தொங்கும்.