காயாத எண்ணெயும் காத்திராத எந்திரமும்

நாளிதழைப் படித்து மடித்த பின்னும் விரலில் கறுப்பு ஒட்டுவது ஏன் என்ற வாசகர் கேள்விக்கு விடை எளிது: நாளிதழ் மை காய்வதே இல்லை, அதன் எண்ணெய் தாளின் நார்களுக்குள் இறங்கிவிட, புகைக்கரி நிறமி மேலே தங்கிவிடுகிறது. நெகிழிப் பையில் எண்ணெய் இறங்க வழியில்லாததால், அங்கே மை பரப்பின் மேலேயே கணப்பொழுதில் இறுகியாக வேண்டும். மலேசியாவின் செமினியைச் சூழ்ந்த தோட்டங்களின் செம்பனை எண்ணெயை இவ்வேலைக்குப் பழக்கும் ஆய்வு அருகிலுள்ள பாங்கியில் நடந்திருக்கிறது. ‘பசுமை மை’ என்ற விளம்பரச் சொல்லைவிட அதன் வேதியியலே சுவையானது.

வரலாற்றுக்கு ஒரு வாக்கியம் போதும்: பழைய அச்சு மை ஆளிவிதை எண்ணெயால் ஆனது, பின்னர் கனிம எண்ணெய் வந்தது, 1987இல் அமெரிக்காவின் சிடார் ராபிட்ஸ் நகர நாளிதழ் ஒன்று சோயா மையில் அச்சானது.

ஆளிவிதை எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வலையாகப் பின்னிக்கொள்வதே உலர்தல். இப்பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் மதிப்பு ஆளிவிதைக்கு 170க்கு மேல் இருக்க, செம்பனைக்கு 50 முதல் 55 வரைதான். பீசாங் கோரேங் என்ற வாழைப்பழப் பொரியலின் சட்டியில் நெடுநேரம் கெடாமல் நிற்க உதவும் அக்குணமே மையில் அதனைச் சோம்பேறியாக்குகிறது. ஆகவே, இருக்கும் சில இரட்டைப் பிணைப்புகளை எபாக்சைடாக மாற்றி, அவற்றில் அக்ரிலிக் அமிலத்தைக் கோத்து, புற ஊதா ஒளிபட்டால் இறுகும் பிசின் ஒன்றைப் பாங்கியிலுள்ள மலேசிய அணுசக்தி முகமையினர் உருவாக்கினர். அதன் சுருக்கப்பெயர் எபோலா (EPOLA). தமிழ் எழுத்தில் அது கொள்ளைநோயின் பெயராகவே தோன்றுவது பிசினின் குற்றமன்று.

அச்செந்திரத்தில் நொடிக்கு 10 மீட்டர் ஓடும் நெகிழிச் சுருள், 10 செண்டிமீட்டர் அகலப் புற ஊதா ஒளியைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் நடப்பதைக் கல்யாண மண்டபமாகக் கொள்ளலாம். அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு, இரு கைகளையும் கோத்து நிற்கும் இணை. மையில் கலந்த ஒளித்தூண்டி, ஒளி பட்டதும் உடைந்து, கை காலியான ஒருவரை உள்ளே அனுப்புகிறது. அவர் ஒருவரின் கையைப் பற்ற, மற்றவரின் விடுபட்ட கை அடுத்த இணையைப் பற்ற, மண்டபமே ஒரு சங்கிலியாகிவிடும். வாசல் வழியாக இரு காலிக் கைகளோடு நுழையும் ஆக்சிஜன் என்ற பெரியப்பா, சங்கிலியின் முனையைப் பிடித்துக்கொண்டு பழங்கதை தொடங்கிவிடுவார். சங்கிலி அங்கேயே நின்றுபோகும். வாசலோரத்தில், அதாவது மையின் மேற்பரப்பில், இவர் தொல்லை மிகுதி என்பதால் அடி இறுகியும் மேல் பிசுபிசுக்கும். ஆளிவிதைக்கு உலர உதவிய அதே ஆக்சிஜன்தான் இவர். நைட்ரஜன் வாயுவால் வாசலை அடைக்கலாம். அல்லது அமீன் என்ற அத்தையை வைத்துப் பெரியப்பாவின் கையில் ஒரு ஹைட்ரஜனைத் திணித்து அமர்த்தலாம். கொடுத்ததால் கை காலியான அத்தை புதிய சங்கிலியைத் தொடங்கிவிடுவார்.

ஆயினும் இப்பிசினைக் கொண்ட மையை முழுதும் தாவரப்பொருள் எனல் மிகை. குழம்பான பிசினை எந்திரத்துக்கு ஏற்ப நீர்க்கச்செய்யும் சிறு அக்ரிலேட்டுகள் பெரும்பாலும் பெட்ரோலிய வழி வந்தவை. ஒளித்தூண்டியின் எச்சமும் அச்சிட்ட இடத்திலேயே அடங்கிக் கிடப்பதில்லை: 2005இல் இத்தாலியில், உறையின் மையிலிருந்து அது குழந்தைப் பாலில் கலந்ததால் பால் திரும்பப்பெறப்பட்டது. மேலும், பிணைப்புகள் குறைவாதலால் செம்பனைப் பிசினின் வலை தளர்ந்து, படலம் மென்மையாகவே அமைகிறது. கீறல் தாங்க வேண்டிய பரப்பில் இது குறையெனினும், மடித்தும் கசக்கியும் கையாளப்படும் நெகிழிப் பையில் மை வெடிக்காமல் வளைந்துகொடுக்க அம்மென்மையே உதவும்.