மாட்டின் வாயில் எச்சில் ஒழுகினால்...

பாலக்காடு டிவிஷனில் முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். மாட்டு வைத்தியம் என் தொழிலல்ல. ஆனாலும் சென்ற மழைக்காலத்தில் குமுளியில் என் மைத்துனர் வீட்டில் கண்டதைச் சங்க அன்பர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. வாளையாறு, மீனாட்சிபுரம், போடிமெட்டு என்று எல்லையோரத்தில் நம்மவர் பலர் வீட்டில் பசு உண்டே!

பசு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயிலிருந்து கயிறு போல எச்சில். "கோமாரிதான் மச்சான்" என்று சொல்லி, நாக்கை இழுத்துப் பார்க்க மைத்துனர் வாய்க்குள் கையை விடப் போனார். அந்த நேரம் வந்து சேர்ந்த கால்நடை மருத்துவர், "முதலில் கையை எடுங்கள்" என்று சத்தம் போட்டார். வெறிநாய் கடித்த மாடும் இப்படித்தான் எச்சில் ஒழுக்குமாம். விழுங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்தால் தொண்டையில் ஏதோ சிக்கியது போலவே இருக்குமாம். கையில் சிறு கீறல் இருந்தாலும் ஆபத்து.

வேறு காரணங்களும் உண்டு. மாங்கொட்டை தொண்டையில் அடைத்தால் எச்சிலோடு வயிறும் உப்பும். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்த புல்லைத் தின்ற மாட்டுக்கு எச்சிலோடு உடல் நடுக்கமும் வரும், கண்மணி சுருங்கும். பச்சை மரவள்ளி இலை என்றால் சற்று நேரத்திலேயே மூச்சுத் திணறும்.

மருத்துவர் கையுறை போட்டுப் பார்த்தார். காய்ச்சல், நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், குளம்பிடுக்கில் புண். கோமாரியேதான், மலையாளத்தில் குளம்புரோகம் என்பார்கள். 1897-98இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இருவர், இது பாக்டீரியாவை விடச் சிறிய கிருமியால் வருவதென்று காட்டினார்கள். விலங்கு நோய்களில் வைரஸால் வருவதென்று முதலில் தெரிந்தது இதுதான். பத்து நாளுக்கு முன் சந்தையில் வாங்கி வந்த கிடேரி அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். புது மாட்டை இரண்டு வாரமாவது தனியே கட்டியிருக்கலாம்.

வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த நீரில் கழுவி, போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவினோம். பசு பிழைத்தது, பால்தான் பாதியாகிவிட்டது. ஆனால் கன்று மூன்றாம் நாள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. இளங்கன்றுக்கு இந்த நோய் இதயத்தைத் தாக்குமாம். என் தங்கை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசி இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பால் குறையும் என்று பயந்து, ஊசி போட வந்தவர்களை மைத்துனர் திருப்பி அனுப்பியிருந்தார். அடுத்த முறை அவர்கள் வந்தபோது மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவரே.