படுவான்கரை வட்டைகளும் யானையும்: வனவிலங்குச் சூழலியலாளர் பணி பற்றி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டைகளில் கதிர் முற்றும் காலத்து இரவுக் காவல் உயிராபத்து மிக்க தொழிலாகும். குறிஞ்சித் திணையின் புனங்காவலில் காதலை மட்டுமே கண்டு பழகிய இலக்கிய மாணாக்கராகிய நாம், பரணில் விழித்திருப்பவர் போடியாரல்லர், முல்லைக்காரரும் கூலியாட்களுமே என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம். அக்காவலின் மறுபுறத்தே நிற்கும் யானையை ஆராய்பவர் வனவிலங்குச் சூழலியலாளர்.

அவரது பணியை வெறுந் தலைக்கணக்கு எனக் கொள்வது பொருந்தாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இலங்கையில் 5,879 யானைகள் உள்ளன என்றது. அவ்வெண் தனித்து எதனையும் விளக்குவதில்லை. காதின் கிழிசல், வாலின் வடிவு, தோலின் வெளிறிய திட்டுக்கள் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தறிதல் வேண்டும். முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் தோளுயரம் ஏறத்தாழக் கிடைக்கும். இலத்தியைக் கிளறினால் உண்டது தெரியும். கழுத்துப்பட்டியிற் பொருத்திய கருவியோ அதன் நடமாட்டத்தை ஆண்டுக்கணக்கில் வரைந்து காட்டும்.

இவ்வாய்வு எமது பிரதேசத்துக்குப் புதிதன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், அன்று மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்த பெருங்காட்டை நீர்த்தேக்கமாகவும் குடியேற்றமாகவும் மாற்றிற்று. நீரேந்து பரப்பைக் காக்கும் நோக்குடன் 1954இல் அங்கு தேசிய வனம் வகுக்கப்பட்டது. ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வில் ஈடுபட்ட ஜோர்ஜ் மக்கே, இத்தென்கிழக்கு நிலத்து யானைகளின் நடத்தை பற்றி 1973இல் நூலொன்று வெளியிட்டார்.

பிற்காலத்தில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் சகாக்களும் கண்டவையே எமது நோக்குக்கு முக்கியமானவை. யானை தன் வாழ்நிலத்தை எளிதில் நீங்குவதில்லை. விரட்டப்பட்ட பின்னும் பலவேளை மீள்கிறது. தீவின் ஏறத்தாழ 60 வீத நிலப்பரப்பில் அது நடமாடுகின்றது. அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதம் மக்கள் குடியிருக்கும் நிலமாகும். மின்வேலிகளோ பலவிடங்களில் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லை முடிந்து வனத் திணைக்களத்தின் எல்லை தொடங்குமிடத்தில் இடப்பட்டன. வேலிக்கு இருபுறமும் காடு, இருபுறமும் யானை! நிருவாக எல்லையை யானையும் மதிக்கும் என்று எண்ணினார் போலும்.

எனவே காட்டைச் சுற்றியன்றி, ஊரையும் வட்டையையும் சுற்றி வேலியிடுதல் வேண்டும் என்பது இவர்களது முடிவு. வட்டை வேலி பருவகாலத்துக்கு உரியது. அறுவடையின் பின் அதனை அகற்றிவிட்டால், தரிசில் யானை மேயலாம். 2023இல் மட்டும் நாட்டில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மக்களும் மாண்டனர் என்பதை நோக்க, இம்முறையின் இன்றியமையாமை புலனாகும். ஆயின் வேலி தன்னைத்தான் காத்துக்கொள்வதில்லை. நாள்தோறும் கம்பியைத் தொடும் கொடியையும் புல்லையும் வெட்டும் உழைப்பு எவருடையது, அதற்குக் கூலி கொடுப்பவர் எவர் என்ற வினாக்கள் சூழலியலாளரின் வரைபடத்துக்குள் அடங்குவனவல்ல. அவை வட்டையின் உற்பத்தி உறவுகளைச் சார்ந்தவை.