தகப்பனாரின் புல்லட்

மதராஸ் மோட்டார்ஸும் சீமை ராயல் என்பீல்டும் 1955-ஆம் வருஷம் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய்க் கம்பெனி 1970-ல் மறைந்தது. நம்மூர்ப் பிள்ளையோ 1977-ல் அந்தச் சீமைக்கே கப்பலேறினான்!

மாதவரம் வட்டாரத்தில் தகப்பனார் ஓட்டிய புல்லட்டைப் புது மோஸ்தரில் மாற்றியமைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். மட்கார்டைக் குறுக்கலாம், ஆசனத்தை ஒற்றையாக்கலாம். பழைய 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டாக்கினால் இரவில் பாதையாவது தெரியும். வலக்காலால் கியர் மாற்றுவதைப் பழகிக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

சைலன்ஸரைத் துளைத்து அலற விடுகிறார்களே, அதுதான் அநியாயம். 346 ஸி.ஸி. யந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90. அந்த நெடிய ஓட்டத்தினாலன்றோ அதன் தாளம் நிதானமாயிருக்கிறது?

பின்பக்கத்துப் பிரேமை அறுப்பது இன்னும் பெரிய விஷயம். பதிவுச் சான்றில் கண்ட, உற்பத்தியாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தலாகாதென்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்திற்று. அறுத்த இரும்பு பழையபடி ஆகவும் ஆகாது.

விவரமறிந்த பிள்ளைகள் பிரேமைத் தொடுவதில்லை. கழற்றிய மட்கார்டையும் ஆசனத்தையும் துணி சுற்றிப் பரண்மேல் வைக்கிறார்கள். தகப்பனார் கேட்டால் மறுபடி பூட்டிக் காட்ட வேண்டுமல்லவா?