பழைய உறுப்புகளிலிருந்து ஓர் அமெச்சூர் ரேடியோ நிலையம்

ஊதியம் கருதாது, அரசாங்க உரிமம் பெற்று, ரேடியோ அலைகளின் வாயிலாகப் பிறரோடு தொடர்பு கொள்பவர்கள் அமெச்சூர் ரேடியோ இயக்குநர்கள் எனப்படுவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்திகளைச் சேர்ப்பித்தனர். இத்தகைய வேளையில் கருவி பழுதுற்றால், அதைத் திருத்தக் கடைக்கோ தொழிற்சாலைக்கோ ஆள் அனுப்ப இயலாது. கருவியைத் தன் கையால் அமைத்தவனே அதன் பழுதையும் அறிவான்.

இந்நோக்கத்துக்கு ஏற்றதொரு கருவியை ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் 2003ஆம் ஆண்டையொட்டி வகுத்தளித்தார். ‘பிட்எக்ஸ்’ எனப்படும் இது 14 மெகாஹெர்ட்சில் இயங்குவது. சுமார் 6 வாட் ஆற்றலை வெளியிடுவது. அயல்நாட்டு உறுப்புகளை நாடாமல், உள்ளூரில் கிடைப்பவற்றைக் கொண்டே அமைக்கலாம் என்பதே இதன் சிறப்பு. குழாய்க்கு இடும் நைலான் வாஷரின்மீது கம்பி சுற்றினால் கம்பிச்சுருள் ஆயிற்று. டெலிவிஷன் ஆண்டெனாவில் பயன்படும் ஃபெரைட் உள்ளகம் டிரான்ஸ்ஃபார்மருக்கு உதவுகிறது. கணிப்பொறிகளில் பயன்படும் 10 மெகாஹெர்ட்சு படிகங்கள் வடிகட்டியாகின்றன.

கருவி இயங்கும் விதம்

ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னலை, 10 மெகாஹெர்ட்சு ஊர்தி அலையோடு கலக்கப்படுகிறது. பேச்சில் 1 கிலோஹெர்ட்சு ஒலி இருப்பின், 10.001, 9.999 மெகாஹெர்ட்சு என இரு பக்க அலைகள் தோன்றும். இரண்டும் ஒரே செய்தியையே தாங்குவதால், ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் அனுப்பினால் ஆற்றலும் அலைவரிசையில் இடமும் மிச்சமாகும். நான்கு படிகங்களாலான வடிகட்டி இத்தேர்வைச் செய்கிறது. தேர்ந்த அலையுடன் 4 மெகாஹெர்ட்சு அலை கூட்டப்பட, 14 மெகாஹெர்ட்சு கிடைக்கிறது. அது பெருக்கப்பட்டு ஆண்டெனாவைச் சென்றடைகிறது.

செய்தியைக் கேட்கும்போது இதே பாதை எதிர்த்திசையில் நிகழ்கிறது. ஒவ்வொரு நிலையிலும் இரு பெருக்கிகள் முதுகோடு முதுகாக வைக்கப்பட்டுள்ளன. எதற்கு மின்சாரம் தருகிறோமோ அதன் திசையிலேயே அலை செல்லும். ஆதலின் வடிகட்டியும் கலப்பிகளும் இரு பணிகளுக்கும் பொதுவாக அமைந்து, செலவு குறைகிறது.

உறுப்புகளைத் தேர்தல்

பழைய கருவிகளிலிருந்து எடுக்கும் உறுப்புகள் யாவும் ஏற்புடையன அல்ல. மின்தடைகளையும் டிரான்சிஸ்டர்களையும் மீட்டர் கொண்டு சோதித்தல் வேண்டும். மின்பகு கண்டென்சர்கள் நாளடைவில் உலர்ந்து போவதால், அவற்றை மட்டும் புதிதாக வாங்குவதே நன்று. ஒரே எண் பொறித்த படிகங்களும் சில நூறு ஹெர்ட்சு வேறுபடக்கூடும். அவற்றை ஒரே அலையாக்கியில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, எழும் அலையை ஒரு ரேடியோவில் கேட்டு ஒப்பிட்டு, நெருங்கிய நான்கைத் தேர்ந்துகொள்ளலாம். வால்வு ரேடியோவையும் பழைய டெலிவிஷனையும் பிரிக்குமுன் எச்சரிக்கை தேவை: மின்தொடர்பைத் துண்டித்த பின்னும் அவற்றின் கண்டென்சர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதனைத் தக்க மின்தடை வழியே வடித்துவிடவேண்டும்.

கொச்சி, மட்டாஞ்சேரி போன்ற காயலோர ஊர்களில் உப்புக் காற்றும் பருவமழை ஈரமும் மற்றுமோர் இடையூறு. செம்புக் கம்பியின் இணைப்புகள் பச்சை பூத்துத் தளரும். பழைய உறுப்புகளின் கால்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிய ஈயம் பூசிய பின்னரே பற்றவைக்க வேண்டும். முடிந்த பலகைக்கு வார்னிஷ் பூசுவதும், ஆண்டெனா இணைப்பை நீர் புகாது மூடுவதும் அவசியம்.

அமைக்கும் முறை

முதலில் கேட்கும் பகுதியை மட்டும் அமைத்துச் சோதிப்பதே அறிவுடைமை. ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் அது எவ்விடத்தது என்பது எளிதில் புலப்படும். பின்னர் அனுப்பும் பகுதியைச் சேர்க்கலாம். அதனை உடனே ஆண்டெனாவோடு இணைத்தல் கூடாது. 200 ஓம் மதிப்புள்ள 2 வாட் கார்பன் மின்தடைகள் நான்கினைப் பக்க இணைப்பில் வைத்தால் 50 ஓம் சுமை கிடைக்கும். அது 8 வாட் வரை தாங்கும். சோதனைகளை அதன்மீதே நடத்தவேண்டும். வெளியீட்டில் தாழ்வலை வடிகட்டி இல்லாவிடில், 28, 42 மெகாஹெர்ட்சு மடங்கலைகளும் வெளிப்பட்டுப் பிறர் தொடர்புகளைக் கெடுக்கும். துறைமுக ஊரில் இத்தவறு சிறிதன்று. ஆண்டெனாவுக்கு, பக்கத்துக்குச் சுமார் 5 மீட்டராக இரு கம்பிகள் போதும். மின்கம்பிகளின் அருகே அவற்றைக் கட்டலாகாது.

உரிமம்

தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி உரிமம் பெறாமல் அலை பரப்புதல் குற்றமாகும். ஆனால் தேர்வுக்குப் பயில்வோருக்கு இக்கருவியை விடச் சிறந்த பாடநூல் வேறில்லை. ஓமின் விதி, அதிர்வு, பெருக்கம் முதலியவற்றைக் கரும்பலகையில் மட்டும் கண்ட மாணவன், தான் சுற்றிய சுருளின் வழியே தொலைதூரக் குரல் ஒன்றைக் கேட்கும்போது அவற்றின் பொருளை உணர்கிறான். பள்ளியின் பழுதடைந்த ரேடியோவை எறிந்துவிடாமல் ஆசிரியர் ஒருவர் மேசைமீது திறந்து வைப்பாராயின், அதுவே தொடக்கமாகும்.