டயர்களின் சீரற்ற தேய்வு

டயர் அதன் அகலம் முழுவதும் ஒரே அளவில் தேயாமல், ஓர் ஓரத்திலோ சில திட்டுகளிலோ மட்டும் வேகமாகத் தேய்வது சீரற்ற தேய்வு எனப்படும். வீல் அலைன்மென்ட் எனப்படும் சக்கரக் கோண அமைப்பு குலைவதும், சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்வதும் அல்லது மாற்றப்படுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். காற்றழுத்தத்தாலும் தேய்வு மாறும். காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும். கூடினால் நடுப்பகுதி தேயும். ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் முதலில் கோணத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சென்னையில் பெருங்குடி வழியாகச் செல்லும் ராஜீவ் காந்தி சாலை இத்தகைய தேய்வுக்கு ஏற்ற சூழலைக் கொண்டது. பழைய மகாபலிபுரம் சாலை என்று இன்றும் அழைக்கப்படும் இதன் வழியே மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் 3ஆம் வழித்தடம் அமைக்கப்படுகிறது. தடுப்புகளால் குறுகிய சாலை, தோண்டி மூடிய இடங்கள், உட்தெருக்களின் வேகத்தடைகள் எல்லாம் சக்கரத்தை இடிக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீர் பள்ளத்தையே மறைத்துவிடும். பள்ளத்தில் விழுந்த வேகத்தில் டை ராட் சற்று வளைந்தாலும் வண்டி வழக்கம்போல ஓடும். டயர் மட்டும் அன்றிலிருந்து தேயத் தொடங்கும்.

கோணங்களும் தேய்வும்

வண்டியை மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு டோ எனப்படும். ஒருவர் நிற்கும்போது அவருடைய கால்விரல்கள் உள்ளே திரும்பியிருப்பதைப் போன்றது டோ-இன். வெளியே திரும்பியிருப்பது டோ-அவுட். டயரை மிக வேகமாகத் தின்பது இதுதான். ஒரு சக்கரம் ஓட்டத் திசையிலிருந்து கால் பாகை விலகியிருந்தால், அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர். அதை ஒருமுறை கடந்தால் 87 மீட்டர். மாதம் 22 நாட்கள் போய்வரும் ஒருவரின் டயர் 3.8 கிலோமீட்டர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். ரப்பர் நெளிந்து ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மீதி சாலையில் உரசித் தீரும்.

இந்தத் தேய்வைக் கையாலேயே கண்டறியலாம். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோ தவறியிருக்கிறது. டோ-இன் மிகுந்தால் வெளி ஓரமும், டோ-அவுட் மிகுந்தால் உள் ஓரமும் முதலில் தேயும்.

முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்திருப்பது கேம்பர். மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் உள் ஓரமும், வெளியே சாய்ந்தால் வெளி ஓரமும் தேயும். இங்கே ரம்பப் பல் இராது, தேய்வு மழமழவென்று இருக்கும். மூன்றாவது கோணமான கேஸ்டர் டயரை நேரடியாக அதிகம் தேய்ப்பதில்லை. இரு பக்கமும் அது வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சஸ்பென்ஷன் மாற்றங்கள்

சக்கரக் கோணம் நிலையாக இருக்க அதைத் தாங்கும் பாகங்கள் உறுதியாக இருக்க வேண்டும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ பால் ஜாயின்டில் ஆட்டம் இருந்தாலோ, பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் கோணம் மாறும். அலைன்மென்ட் மேடையில் அசையாமல் நிற்கும் வண்டிக்கு எண்கள் சரியாகவே வரக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலைன்மென்ட் செய்தும் ஓரம் தேய்கிறது என்று புலம்புவோரின் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பாகங்களைத்தான். ஷாக் அப்சார்பர் வலுவிழந்தால் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடும். அப்போது டயரில் குழி குழியாகத் தேய்வு விழும்.

வண்டியின் உயரத்தை மாற்றுவது தனிக் கதை. வேகத்தடையில் அடிப்பகுதி இடிக்கிறது என்று ஸ்பிரிங்குக்கு இடையே ரப்பர் பஃபர் வைத்து உயர்த்துவோர் உண்டு. தோற்றத்துக்காகக் குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்துவோரும் உண்டு. பெரும்பாலான சிறிய கார்களின் முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகையைச் சேர்ந்தது. அதில் உயரம் மாறும்போது லோயர் ஆர்மும் டை ராடும் வெவ்வேறு வளைவுகளில் நகர்வதால் டோ மாறுகிறது. பொதுவாகத் தாழ்த்தினால் சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும். உயர்த்தினால் வெளியே சாயும். இவற்றைச் செய்தபின் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் புது டயரும் நிலைக்காது. சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது.

சரிசெய்தல்

காற்றழுத்தம், பிறகு ஆட்டம் உள்ள பாகங்கள், கடைசியாக அலைன்மென்ட் என்ற வரிசையே முறை. பல சிறிய கார்களில் முன்புற டோவை மட்டுமே திருகிச் சரிசெய்ய முடியும். அவற்றில் கேம்பர் தவறியிருந்தால் வளைந்த பாகத்தை மாற்றுவதோ, சரிசெய்வதற்கென உள்ள தனி போல்ட் போடுவதோ தேவைப்படும். எனவே முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி, கேம்பர் வரியையும் பின்சக்கர வரியையும் பார்ப்பது நல்லது. டயர்களை இடம் மாற்றிப் போடுவது தேய்வைப் பங்கிடும், காரணத்தைத் தீர்க்காது.

உள் ஓரத் தேய்வுதான் ஆபத்தானது, ஏனெனில் அது வெளியிலிருந்து தெரியாது. வெளிப்புறப் பட்டன் நன்றாக இருக்க, உள்ளே கம்பி தெரியும் அளவுக்குப் போயிருக்கும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி நிறுத்தினால் முன்டயரின் உட்புறத்தைப் பார்த்துவிடலாம். காரின் டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவைக் காட்டும். ஓரத்தில் பட்டன் போன டயர் தேங்கிய நீரை ஒதுக்கித் தள்ளாது. ஈரத்தில் பிடிப்பு நழுவும்.

ரம்பப் பல்லாகத் தேய்ந்த டயர், அலைன்மென்ட் சரியான பிறகும் சில காலம் ஊளையிடும். பேரிங் போய்விட்டது என்று எண்ணிச் செலவு செய்யும்முன், முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் பார்த்தால் சத்தம் டயரோடு நகர்கிறதா என்பது தெரிந்துவிடும்.